எதிர் நாற்காலி

ஃபியூஸ் என்றால் அந்த வட்டாரத்தில் கட்டட வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ ஒன்று. அது கல்யாணப் பத்திரிகையோடு சரி. எலக்ட்ரீசியன், வேலையில் புலி. கோபம் மட்டும் வந்துவிட்டால் மனிதர் ஃபியூஸ் மாதிரி பட்டென்று போய்விடுவார், அதனால் வந்த பெயர். பேனல் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வேலை பார்க்கும்போது பக்கத்தில் நிற்கிற யாராவது ஆர்வக்கோளாறில் விரலை நீட்டினால் போதும், "கைய எடு!" என்று ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், மேல்மாடியில் கலவை குழைக்கிற ஆள்கூடக் கரண்டியைப் போட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அவர் வேலை பார்த்த இடங்களில் ஹெல்பர்கள் எல்லாருமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். வெளியாட்கள் பார்த்தால் ஏதோ கோர்ட்டு என்று நினைப்பார்கள். ஆனால் ஒன்று, அவர் கைக்கு அடியில் ஒருத்தருக்கும் ஷாக் அடித்ததில்லை. அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கால் கொஞ்சம் திரும்பியது. தடியை ஊன்றிக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடப்பார். பேச்சில் மிஞ்சியது "ம்" என்ற ஒன்றும் "வேணாம்" என்ற ஒன்றும்தான். டாக்டர் சொன்னார், வார்த்தையெல்லாம் உள்ளேயே இருக்கிறது, வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்று. வலது கையைப் பற்றிக் கேட்டால் பிடிகொடுக்காமல் பேசினார்.

அந்த வலது கையை அவர் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்துக்கொண்டார். யார் வந்தாலும் முதலில் துண்டை இழுத்துச் சரிசெய்வார். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அழுத்துங்க அங்கிள், ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சுவாள். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அவள் ஒரு நாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே. "நான் வந்து பிடிச்சு மடக்கறது, நீட்டறதெல்லாம் சும்மா. இவருக்கே ஏதாவது ஒண்ணு வேணும்னு தோணணும். எதுவா இருந்தாலும் சரி. தோணாம அந்தக் கை வராது."

அக்கா என்றது அவர் மனைவியை. இந்தக் கதை அவளுடையதுதான். அவர் குரல் பெரிது என்பதால் முந்திக்கொண்டார், எப்போதும் அப்படித்தான். அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி வேலை. நீராவியில் நாள் முழுக்க வெந்து, படுக்கை விரிப்பையும் மேஜைத் துணியையும் மடிப்பு மாறாமல் அடுக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து அவருக்கு எதிரே உட்காருவாள். டி.வி. போட்டால் "வேணாம்". பேப்பர் படித்துக் காட்டினால் "வேணாம்". பேசினால் "ம்". அந்த "ம்"மைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. இத்தனை வருஷம் அவர் போட்ட சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டவள், இப்போது அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை வராதா என்று ஏங்கினாள். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு விருந்தாளியின் மேஜைத் துணி சலவைக்கு வந்தது. மெஷினில் போடக் கூடாது என்று சீட்டுக் குத்தியிருந்ததால், "உன் கைதான் நிதானம், நீயே பாரு" என்று சூபர்வைசர் அவளிடம் தள்ளிவிட்டார். துணியின் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு லேஸ். கொக்கி ஊசியில் போட்ட லேஸை அவளுக்குத் தெரியும். இது அதில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒரு முடிச்சுக்கூடக் கண்ணில் படவில்லை. நூல்கள் தாமாகவே ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிப் பூவாகவும் வலையாகவும் ஆகியிருந்தன. செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் தேடித் தேடி அந்தப் படம் அவளை ஓர் இணையக் குழுவில் கொண்டுபோய் விட்டது. பாபின் லேஸ், அதாவது நூல் சுற்றிய குட்டிக் கட்டைகளை வைத்துப் பின்னுகிற லேஸ், போடுகிற தமிழ் பேசுகிறவர்கள், ஆளுக்கொரு தேசம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. குழுவை நடத்துகிறவளின் படத்துக்குப் பதில் ஒரு கத்தரிக்கோல் இருக்கும், அதனால் எல்லாருக்கும் அவள் கத்தரி அக்கா. இன்னொருவர் குளிர் தேசத்தில் லாரி ஓட்டுகிறவர். சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் லாரிக்குள்ளேயே, குண்டூசி குத்துகிற திண்டை மடியில் வைத்து லேஸ் போடுவார். லாரி அண்ணன். இவள் சேர்ந்த அன்றே இவளுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள், இஸ்திரி.

"இதுல முடிச்சு எங்கே இருக்கு?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"முடிச்சே கிடையாதும்மா" என்று பதில் போட்டாள் கத்தரி அக்கா. "குண்டூசி குத்தி வெச்சு, நூலை மாத்தி மாத்திப் போடறதுதான். ரெண்டே அசைவு. தாண்டல், திருகல். நாலு பாபின், ரெண்டு ஜோடி. நடுவுல இருக்கிற ரெண்டு பாபின்ல இடது வலதுக்கு மேல தாண்டும். அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலயும் வலது இடதுக்கு மேல திருகும். இதுக்கு மேல எங்கிட்டயும் ஒண்ணும் இல்ல."

சொல்லும்போது சுலபம்! முதலில் திண்டுக்கே அவள் படாதபாடு பட்டாள். ஹோட்டலில் கழித்துப்போட்ட தலையணை உறையில் மரத்தூளை அடைத்து, பலகையில் இழுத்துக் கட்டினாள். "தட்டினா கதவைத் தட்டற மாதிரி சத்தம் வரணும், இல்லேன்னா ஊசி ஆடும்" என்றார் லாரி அண்ணன். நூல் சுற்றும் பாபினுக்கு அவள் துணி மாட்டும் மரக் கிளிப்புகளின் ஸ்பிரிங்கைக் கழற்றினாள். ஒவ்வொரு பாதியிலும் நூல் சுற்றத் தோதாக ஒரு பள்ளம் இருந்தது. படத்தைப் பார்த்துவிட்டுக் குழுவே கைதட்டியது. ஆனால் கிளிப் லேசாக இருந்ததால் நூல் தொளதொளத்தது. "எடை கட்டு" என்றாள் கத்தரி அக்கா.

எடைக்கு எங்கே போவது? அலமாரிக்கு அடியில் அவருடைய வேலைப் பை இருந்தது, நிறைய நட்டும் வாஷரும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிளிப்பின் வாலில் கட்டினாள். எதிர் நாற்காலியிலிருந்து அவர் பார்த்தார். அவர் பையில் அவர் கேட்காமல் யாரும் கை வைத்ததில்லை. மூக்கு விடைத்தது. சரி, இப்போது வெடிக்கப் போகிறார் என்று அவள் சந்தோஷமாகக் காத்திருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்படியாக மாலைகள் போயின. ஜன்னலோரத்துச் சின்ன மேஜைக்கு இந்தப் பக்கம் அவளும் திண்டும், அந்தப் பக்கம் அவரும் துண்டும். குழு சொல்லச் சொல்ல அவள் போடுவாள். தப்பினால் படம் எடுத்துப் போடுவாள். எந்த ஊசியில் தப்பினாள் என்று எங்கிருந்தோ ஒருத்தர் வட்டம் போட்டுக் காட்டுவார். தப்பை வெட்டி எறிய முடியாது இந்த வேலையில். போட்ட அசைவுகளை அப்படியே தலைகீழ் வரிசையில் திரும்பப் போட்டு, ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கி, தப்பு நடந்த இடம்வரை போக வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரியாகிவிட்டாள். "போடறதைவிடப் பிரிக்கறதுலதான் இஸ்திரி கில்லாடி" என்று லாரி அண்ணன் கேலி செய்வார்.

ஓரளவு கை பழகி, விரல் அகலத்தில் ஒரு நாடா ஓடத் தொடங்கியபோதுதான் அந்த விவகாரம் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் திண்டை எட்டிப் பார்த்தால், கடைசிச் சில வரிசைகள் என்னவோபோல் இருந்தன. நூல் உப்பிப் பஞ்சு பஞ்சாக நின்றது, திருகலெல்லாம் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. முந்தின நாள் வேலையில் செம களைப்பு. திண்டைக் கையில் எடுக்கவே இல்லை என்றுதான் ஞாபகம். ஆனால் களைத்த ஞாபகத்தை யார் நம்புவது? 'தூக்கக் கலக்கத்தில் போட்டிருப்போம்' என்று நின்றபடியே மளமளவென்று பிரித்துவிட்டுப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே கூத்து. மறுபடியும் பிரித்தாள், தலையில் அடித்துக்கொண்டே. மூன்றாவது தடவை நாடா கட்டைவிரல் நீளத்துக்கு அப்படி ஓடியிருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் ஒருவருக்கு ஆனது போதாதா, இப்போது எனக்கும் மூளை குழம்புகிறதா? பிரிக்குமுன் ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டு, கோபத்தில் விறுவிறுவென்று அத்தனையையும் பிரித்துப் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மதிய இடைவேளையில், விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, படத்தைக் குழுவில் போட்டாள். "எனக்குத் தெரியாமலே நான் தப்பாப் போடறேன். பயமா இருக்கு."

கத்தரி அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்க வேண்டும், பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. "இது தப்பே இல்லையே. தூக்கக் கலக்கத்துல போட்டா ஒரு வரிசை சரியா வரும், ஒரு வரிசை சொதப்பும். இதுல ஒரு இடம்கூடப் பிசகல. ஒண்ணுவிடாம எல்லாத்தையும் மாத்திப் போட்டிருக்கு. தாண்டல்ல வலதை இடதுக்கு மேல, திருகல்ல இடதை வலதுக்கு மேல. நூல் முறுக்குக்கு எதிரா திருகினதாலதான் உப்பிக்கிட்டு நிக்குது. ரொம்ப நிதானமான கை. ஆனா உன் கை இல்லம்மா இது."

"எங்க வீட்டுல வேற யாரும் கிடையாதே அக்கா."

இப்போது லாரி அண்ணன் வந்தார். "இஸ்திரி, ஒண்ணு கேக்கறேன். நீ போடும்போது உனக்கு நேர் எதிர்ல யாராவது உக்காருவாங்களா? நான் கத்துக்கிட்டதே அப்படித்தான், மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்து ஒருத்தங்க கையைப் பாத்து. உனக்கு இடது எனக்கு வலது. பாத்த மாதிரியே என் திண்டுல போட்டேன், அத்தனையும் மாறிப்போச்சு. எதிர்ல உக்காந்து கத்துக்கிட்டவன் மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்வான்."

அவள் படித்தாள். திரும்பவும் படித்தாள். பக்கத்தில் உருளை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், எதுவும் காதில் விழவில்லை. எதிரே உட்காருகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து, குண்டூசியைக் குத்தி...

"ஐயோ, பிரிச்சுட்டேனே அக்கா!" என்று எழுதினாள். எழுத்து பாதி தப்பாக விழுந்தது. "அவர்தான். எங்க வீட்டுக்காரர். அவர் கண்ணு முன்னாடியே பிரிச்சேன். மூணு தடவை."

கத்தரி அக்காதான் எழுதினாள். "நீ முதல் தடவை பிரிச்சப்புறம் அவர் திரும்பப் போட்டிருக்கார். ரெண்டாவது தடவை பிரிச்சப்புறமும் போட்டிருக்கார், இன்னும் நீளமா. அதை நினைச்சியா?"

அவள் அங்கேயே, அழுக்கு விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சூபர்வைசர் வந்து பார்த்துவிட்டு, வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, "நீ கிளம்புமா" என்று அனுப்பிவிட்டார். அவர் நினைத்ததும் தப்பில்லை.

வீட்டில் அவர் துண்டும் கையுமாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திண்டு அவள் விட்டுப்போனபடியே இருந்தது. ஓடிவந்தவளுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றியது. "கண்டும் காணாத மாதிரி இரு, வெட்கப்பட்டார்னா விட்டுடுவார்" என்று குழுவில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். சரியென்று அடக்கிக்கொண்டாள். சுலபமான இடமாகப் பார்த்து நாடாவை நிறுத்தி, குண்டூசிப் பெட்டியைத் திறந்தே வைத்து, திண்டை அவர் இடது கைக்கு எட்டும்படி நகர்த்திவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். திரும்பி வந்து விளக்குகூடப் போடாமல் திண்டிடம்தான் போனாள். ஒரு வரிசைகூட ஏறவில்லை.

அதற்கடுத்த நாளும் இல்லை. பிசியோ பெண் வந்தாள், பந்து கட்டிலுக்கு அடியில் போனது. அந்த வாரம் முழுக்க அவள் வேலையிலிருந்து வரும்போது படிக்கட்டிலேயே வேண்டிக்கொண்டு ஏறுவாள், ஒரே ஒரு வரிசை, கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று. நாடா இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் கேட்காமலே, ஏதாவது ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தானாகத் தோன்றியிருக்கிறது. அதைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டோமே என்ற நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விடுமுறை நாள் வந்தது. காலை வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. அவள் பாத்திரத்தைக் கழுவிவிட்டு, ஈரக் கையோடு வந்து அவர் முன்னால் நின்றாள். கண்டும் காணாமல் இருந்ததெல்லாம் போதும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"என்னங்க, இங்க பாருங்க. ஜன்னலைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. நான்தான் பிரிச்சேன். நீங்க போட்டதுன்னு தெரியாது எனக்கு. நான்தான் தூக்கத்துல தப்பாப் போட்டுட்டேன்னு நினைச்சேன். பைத்தியம் பிடிச்சுடுச்சோன்னு வேற பயந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? எத்தனை பேரை எத்தனை கத்து கத்தியிருப்பீங்க, எங்கிட்ட ஒரே ஒரு தடவை கத்தியிருக்கக் கூடாதா? உங்க கண்ணு முன்னாடியே பிடுங்கிப் போட்டேனே, எப்படிப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரம் ஈரமானது. அப்புறம் தடியை ஊன்றி எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று, இந்தப் பக்கம் வந்து, அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த கிளிப்புகள் நட்டின் கனத்தில் உருளப் பார்த்தன. அவர் துண்டை எடுத்து மேஜையில் போட்டார். இடது கையால் வலது கையைத் தூக்கி, அந்தக் கிளிப்புகளின் மேல் வைத்தார். உள்ளங்கை கவிழ்ந்து கிடந்தது, மெலிந்து, வெளுத்து. ஆனால் உருளவிருந்த கிளிப்புகள் அடங்கி நின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தக் கை செய்த முதல் வேலை அதுதான். இடது கை நடுவிலிருந்த ஜோடிகளிடம் போனது. வலதை எடுத்தார், இடதுக்கு மேல் தாண்டவிட்டார். இடதை எடுத்தார், வலதுக்கு மேல் திருகினார். ஒரு குண்டூசி எடுத்து, குத்த வேண்டிய இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். ஒயரை இணைக்கும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வாரே, அதேபோல் கடித்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. பொங்கினது பொங்கட்டும், பேசாமல் நின்றிருக்க வேண்டும். ஆனால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளால் முடிந்தால்தானே! அத்தனை மாதமாகக் குழு அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த கை. கண்ணுக்கு எதிரே தாண்டல் மாறி விழுகிறது, திருகல் மாறி விழுகிறது. "இப்படி இல்லைங்க, இதை மேல போடணும்..." என்று குனிந்து, இரண்டு விரலால் ஒரு கிளிப்பைத் தொட்டாள்.

அவர் தலை நிமிர்ந்தது. மூக்கு விடைத்தது. கழுத்து நரம்பு புடைத்து, உதடு ஒரு பக்கமாகக் கோணி, உள்ளே எங்கேயோ அடைபட்டிருந்ததைப் பிடித்து இழுப்பதுபோல் திணறி, திணறி...

"கை... கைய எடு!"

குழறலாகத்தான் வந்தது. சத்தமும் பழைய சத்தத்தில் கால்வாசி இருக்காது. ஆனால் மேல்மாடி ஆளுக்குக் கேட்கிற வார்த்தைதான், அதில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. சொன்னவரே ஒரு நிமிஷம் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் குனிந்து அடுத்த ஊசியை எடுத்தார்.

அவள் கையை எடுத்தாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, அவருடைய ஹெல்பர்கள் நிற்பார்களே, அதேமாதிரி ஓர் ஓரமாக நின்றாள். கண்ணீர் தாடைவரை வழிந்தது. துடைப்பதற்குக்கூட அவள் கையை முன்னால் கொண்டுவரவில்லை.